பனிமலையில் கொதிக்குது பைக்!

மைனஸ் 17 டிகிரி குளிர். மூக்கு நுனி இருக்கா, கழன்று விழுந்துடுச்சா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஊர். அந்த ஊரில் ஒரு பைக், 'சூடு தாங்கலை சாமி'ன்னு ஆவி விட்டுக்கிட்டு நடுமலையில் நிற்குதுன்னு சொன்னா நம்புவீங்களா? நம்பணும் பாஸ்! அதுவும் அந்தக் குளிர்தான் அதைக் கொதிக்க வெச்சதுன்னு சொன்னா..? சரி, முதல்ல ஊரைப் பார்த்துடுவோம்.

ஊர் பெயர் ரெவல்ஸ்டோக். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், மொனாஷி மலைத்தொடருக்கும் செல்கர்க் மலைத்தொடருக்கும் நடுவில், கொலம்பியா ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிற குட்டி ஊர். ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்சில் மெக்கானிக்கல் படிக்க நான் போயிருந்தது கெலோனா. அங்கிருந்து ரெவல்ஸ்டோக் சுமார் 200 கி.மீ. வெயில் காலத்தில் ரெண்டரை மணி நேரப் பயணம். ஜனவரியில்? 'ரோடு எப்போ விடுதோ, அப்போ'!

வழியில் சிகமூஸ் தாண்டினதும் கிரெய்கெலாக்கி என்று ஓர் இடம். 1885 நவம்பர் 7-ம் தேதி கனடியன் பசிபிக் ரயில் பாதையின் கடைசி ஆணியை அடித்தது இங்கேதான். இந்த மலைகளைக் குடைந்து பாதை போட்டதில் ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்களின் உழைப்பு இருக்கிறது. காசில்லாமல் அந்த ரயில்வே தள்ளாடிய நேரத்தில், அதன் கடன் பத்திரங்களை வாங்கிக் கைகொடுத்தது லண்டனின் பேரிங்ஸ் வங்கி. அதன் தலைவர் ரெவல்ஸ்டோக் பிரபு. அவர் பேர்தான் ஊருக்கு. கடன் கொடுத்தவன் பேரை ஊருக்கே வெச்சுட்டாங்க!

ஊருக்கு மேற்கே காப்லாண்ட் மலை. 1971-72 குளிர்காலத்தில் அங்கே பெய்த பனி 2,447 செ.மீ. கனடாவின் சாதனை அது. சுமார் 80 அடி! நம்ம ஊர்க் கணக்குக்கு ஏழு மாடி அபார்ட்மென்ட் உயரம். கிழக்கே ரோஜர்ஸ் கணவாய். 1910 மார்ச்சில் தண்டவாளத்தில் விழுந்த பனியை அள்ளிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது இன்னொரு பனிச்சரிவு விழுந்து 58 பேர் இறந்தார்கள். அவர்களில் 32 பேர் ஜப்பானியத் தொழிலாளர்கள். பனி தானாகச் சரிந்து ஆளைக் கொல்வதற்கு முன்னால் நாமே சரித்துவிடலாம் என்று, 1960-களின் தொடக்கம் முதல் அங்கே ராணுவப் பீரங்கியால் மலையைச் சுட்டு வந்திருக்கிறார்கள். மலையைச் சுடுகிற ராணுவத்தை இப்போதான் கேள்விப்படறேன்!

பனி இவ்வளவு கொட்டினால் மக்கள் வீட்டுக்குள் போர்வை போர்த்திக்கொண்டு கிடப்பார்கள் என்றுதானே நினைப்போம்? ம்ஹூம். அப்போதுதான் ஊரே வெளியே வருது. பனிச்சறுக்குக் கட்டை தூக்கிட்டு ஒரு கூட்டம், ஸ்னோமொபைலில் ஒரு கூட்டம். இந்த ரெண்டுக்கும் நடுவில் புதுசா ஒரு ஜாதி... ஸ்னோ பைக்!

சக்கரம் இல்லாத பைக்

சேற்றிலும் மேட்டிலும் தாவுகிற 'டர்ட் பைக்' இருக்கு இல்லையா? அதன் முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு பனிச்சறுக்குக் கட்டை. பின் சக்கரத்தோடு ஸ்விங் ஆர்மையும் கழற்றிவிட்டு அங்கே புல்டோசர் மாதிரி சுற்றுகிற ஒரு நீள ரப்பர் டிராக். டிராக் முழுக்க துடுப்புத் துடுப்பாக ரப்பர் பட்டைகள். அவ்வளவுதான். கோடையில் மண்ணில் ஓடின பைக், குளிர்காலத்தில் பனியில் மிதக்கும்.

ஐடியா புதுசு இல்லை. 1970-களின் கடைசியிலேயே கிறைஸ்லர் கம்பெனி 'ஸ்னோ ரன்னர்' என்று ஒரு குட்டிப் பனி பைக்கை விட்டுப் பார்த்தது. ஆனால், டர்ட் பைக்கில் மாட்டுகிற கிட்டைப் பிரபலமாக்கியது அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், சாண்ட்பாயின்ட் ஊரில் பிறந்த டிம்பர்ஸ்லெட். 2015-ல் அதை போலாரிஸ் வாங்கியது. 2017-ல் ஆஸ்பென் எக்ஸ் கேம்ஸில் ஸ்னோ பைக் ரேஸ் முதல்முறையாக இடம்பிடித்தது. தங்கம் வாங்கியவர் பிரிட்டிஷ் கொலம்பியாக்காரரான பிராக் ஹோயர். அப்புறம் என்ன, இந்தப் பக்கத்துப் பசங்களுக்குச் சொல்லணுமா?

அப்படி ஒரு பையன்தான் என் லேப் பார்ட்னர். ரெண்டு கோடை விடுமுறை முழுக்க, எரிந்துபோன காடுகளில் மரக்கன்று நடும் வேலைக்குப் போயிருக்கிறான். கொசுக்கடியோடு குனிந்து குனிந்து, ஒரு கன்றுக்கு இவ்வளவு சென்ட் என்று எண்ணி வாங்கிய சம்பளம். அதைச் சேர்த்து வைத்து ஒரு 450 சி.சி. செகண்ட் ஹேண்ட் ஸ்னோ பைக் வாங்கியிருந்தான். வாங்கின நாளிலிருந்து கண்டம்!

மலை ஏற ஆரம்பித்து பத்துப் பதினைந்து நிமிஷத்தில் டெம்பரேச்சர் முள் எகிறும். நூறு... நூற்றைந்து... புஸ்ஸ்ஸ்! ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக கூலன்ட் பீறிட்டு வெளியே வரும். வண்டியை நிறுத்தி, ஆற வைத்து, மெதுவாக இறங்கி வருவான். டிசம்பரில் ஒருநாள் அதுவும் முடியவில்லை. அந்த மாசத்தில் நாலு மணிக்கே அங்கே சூரியன் கடையைக் கட்டிவிடும். இடுப்பளவு பனியில், கும்மிருட்டில், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்திருக்கிறான். நல்லவேளை, வழியில் ரெண்டு ஸ்னோமொபைல்காரர்கள் பார்த்துக் கீழே கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். "அவங்க வரலைன்னா?"ன்னு கேட்டேன். பதில் சொல்லாமல் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான்.

ஒரு கடையில் காட்டியபோது, 'ஹெட் கேஸ்கட் போயிடுச்சு, இன்ஜினைப் பிரிக்கணும்' என்று சொல்லி, அவன் ஒரு டேர்ம் செலவுக்கு வைத்திருந்த தொகையைக் கேட்டிருக்கிறார்கள். விற்றுவிடலாம் என்று விளம்பரம்கூட எழுதி வைத்துவிட்டான். "கடைசியா ஒருத்தர்கிட்ட காட்டிடறேன். நீயும் வர்றியா? நீதான் தெர்மல்ல பெரிய ஆளாச்சே!" என்று என்னை உசுப்பிவிட்டான். ஒரு வெள்ளிக்கிழமை, அவன் பிக்-அப் டிரக்கின் பின்னால் பைக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

பாடப் புத்தகத்தில் இல்லாத சிக்கல்

மெக்கானிக்கிடம் போவதற்கு முன்னால் ஒரு சின்ன கிளாஸ். தூங்காமல் கேளுங்க, சுவாரஸ்யமாத்தான் இருக்கும்.

பெட்ரோலில் இருக்கிற சக்தியில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. ஒரு பங்கு புகையோடு போகிறது. மீதி ஒரு பங்கு சூடாக இன்ஜினில் தங்குகிறது. அந்தச் சூட்டை கூலன்ட் அள்ளிக்கொண்டு போய் ரேடியேட்டரில் கொட்டும். எதிர்க்காற்று அதை வாங்கிக்கொண்டு போகும். இதுதான் சிஸ்டம்.

ஸ்னோமொபைலில் பெரும்பாலும் கதை வேறு. டிராக்குக்கு மேலே, வண்டியின் அடிவயிற்றில் வெப்பம் கடத்தும் தகடுகள் இருக்கும். டிராக் வாரி அடிக்கிற பனியே அவற்றைக் குளிரவைக்கும். ஸ்னோ பைக் அப்படி இல்லை. அது மண்ணுக்குப் பிறந்த பிள்ளை. ரேடியேட்டர் டேங்குக்கு ரெண்டு பக்கமும் இருக்கும். காத்து வந்தால்தான் அதற்குச் சோறு. பனியிலோ வேகம் கம்மி, லோடு அதிகம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் முதல் கியரிலேயே ஏறுகிற லோடு லாரியை நினைச்சுக்கோங்க. ஆக்ஸிலேட்டர் முழுசா திருகியிருக்கும், வண்டி நடைவேகத்தில் போகும். அதுதான் புதுப் பனியில் ஸ்னோ பைக்கின் நிலைமை.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நேர் எதிர். பல மோட்டோகிராஸ் பைக்குகளில் தெர்மோஸ்டாட்டே கிடையாது. மைனஸ் 20-ல் அதை அப்படியே ஓட்டினால், கூலன்ட் சதா குளிர்ந்துகொண்டே இருக்கும். இன்ஜின் சூடே ஏறாது. சூடு ஏறாத இன்ஜினில் பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்து, ஆயில் பால் காபி கலருக்கு மாறிவிடும். அதனால், பனிக்கு மாற்றும்போது தனியாக ஒரு தெர்மோஸ்டாட் கிட் மாட்டுவார்கள். சூடு ஏறும் வரை கூலன்ட் இன்ஜினுக்குள்ளேயே ஒரு குறுக்குவழியில் சுற்றிக்கொண்டிருக்கும். குறிப்பிட்ட சூடு வந்ததும் கதவு திறந்து ரேடியேட்டருக்கு அனுப்பும்.

இந்தக் 'கதவு' விஷயத்தை ஞாபகத்தில் வெச்சுக்கோங்க. பின்னாடி வேலை இருக்கு.

மெக்கானிக் தாத்தா

ஊருக்கு வெளியே, மரக்கட்டைகளுக்கு நடுவில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே விறகு அடுப்பு எரிகிறது. வயசு 65-ஐத் தாண்டிய ஒரு மனுஷர். மனசுக்குள் 'தாத்தா' என்று பேர் வைத்துவிட்டேன். நாங்கள் போனதும் ஸ்பேனரை எடுப்பார் என்று பார்த்தால்... ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எப்போ சூடாகுது? கிளம்பின உடனேயா, மலை உச்சிக்குப் பக்கத்திலயா? புதுப் பனியிலயா, இறுகின பனியிலயா? முதல் நாள் ராத்திரி வண்டி எங்க நின்னுச்சு? கூலன்ட் குறைஞ்சப்போ என்ன ஊத்தினே?"

கேள்விகள் பத்து நிமிஷம் ஓடின. எனக்கு நம்ம ஊர் சித்த வைத்தியர் ஞாபகம் வந்தது. நாடியைப் பிடிக்கும் முன்னாலேயே 'நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டே?'ன்னு கேட்பாரே, அந்த மாதிரி.

அப்புறம்தான் எழுந்தார். ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தார். முதலில் ஹெட் கேஸ்கட் குற்றவாளியா என்று பார்க்கணும். கேஸ்கட் போயிருந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் கசியும். திறந்த மூடியில் குமிழ் விடாமல் வந்துகொண்டே இருக்கும். வரவில்லை. ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிறத் திரவத்தை ஊற்றி ரேடியேட்டர் வாயில் வைத்தார். உள்ளேயிருந்து வரும் காற்றில் எரிந்த வாயு இருந்தால், அதிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடு நீலத்தை மஞ்சளாக்கிவிடும். நீலம் நீலமாகவே இருந்தது. என் நண்பன் மூச்சு விட்ட சத்தம் எனக்கே கேட்டது.

அடுத்து மூடி. ரேடியேட்டர் மூடி என்பது குக்கர் வெயிட் மாதிரி. உள்ளே அழுத்தத்தைத் தேக்கி, கொதிநிலையை உயர்த்தும். 2,000 மீட்டர் உயரத்தில் வெறும் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மலையில் சீக்கிரமே பொங்கும். கைப்பம்பில் வைத்து அழுத்திப் பார்த்தார். பாஸ்! தண்ணீர் பம்ப்? பாஸ்! அடியில் கசிவுத் துளையில் சொட்டு இருக்கா? இல்லை. அரை மணி நேரம் ஓடவிட்டும் முள் 80-ஐச் சுற்றியே நின்றது. ஒரு ஃபேன் காற்றுக்கு வண்டி சமர்த்தாக நடந்துகொண்டது.

'டாக்டரைப் பார்த்தா காய்ச்சல் ஓடிப்போயிடுமே, அந்தக் கதைதான்' என்று நான் முணுமுணுத்தேன்.

தாத்தா கூலன்ட்டில் ஒரே ஒரு சொட்டு எடுத்தார். பேனா டார்ச் மாதிரி இருந்த ஒரு கருவியின் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ரிஃப்ராக்டோமீட்டர். உறைநிலையை நேரடியாகக் காட்டிவிடும். என்னிடமும் கொடுத்தார். நீலமும் வெள்ளையும் சந்திக்கிற கோடு நின்ற இடம்... மைனஸ் 9.

கூலன்ட்டும் தண்ணீரும் பாதிப் பாதி கலந்திருந்தால் அது மைனஸ் 37 வரை உறையாது. இங்கே மைனஸ் 9-லேயே உறையும் என்றால், உள்ளே பெரும்பாலும் தண்ணீர்தான்!

"எப்பப்போ தண்ணி ஊத்தினே?"

நண்பன் தலையைச் சொறிந்தான். அக்டோபரில் வண்டி வாங்கினப்போ கொஞ்சம் குறைச்சலா இருந்துச்சு, குழாய்த் தண்ணியை ஊத்தினான். அப்புறம் ஒவ்வொரு தடவை பொங்கினப்பவும், கையிலிருந்த பாட்டில் தண்ணி. டிசம்பரில் பாட்டிலும் காலி, பனியை உருக்கி ஊற்றியிருக்கிறான்.

ராத்திரிப் பரீட்சை

'அப்ப கூலன்ட்டை மாத்திடலாமே!' என்றேன். தாத்தா சிரித்தார். "இது சந்தேகம்தான். இன்னும் சாட்சி கிடைக்கலை. இப்பவே மாத்திட்டா, நாளைக்கு மறுபடி சூடானா எதை நம்புவே?"

வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் கொட்டகைக்கு வெளியே நிறுத்திவிட்டார். ராத்திரி முழுக்க அது அங்கேயே கிடந்தது. சாதாரணமாக இப்படிச் செய்யக் கூடாது. கூலன்ட் உள்ளே கூழாக உறைந்தால் தண்ணீர் பம்ப்பின் இறக்கை உடையலாம். இந்த வண்டி ஏற்கெனவே ஏழெட்டு ராத்திரி டிரக்கின் பின்னால் திறந்தவெளியில் கிடந்து பிழைத்த வண்டி என்பதால் துணிந்தார். நீங்க யாரும் டிரை பண்ணிடாதீங்க!

காலையில் மைனஸ் 17. ஸ்டார்ட் ஆனது. ஐந்து நிமிஷம்... முள் மெல்ல ஏறுது. 60... 70... 80. நியாயமாக இங்கே கதவு திறந்து, கூலன்ட் ரேடியேட்டருக்குப் போய், முள் நிற்கணும். நிற்கவில்லை. 90... 98... 104. தாத்தா வெறும் கையை ரேடியேட்டரில் வைத்தார். அப்புறம் என் கிளவுஸைக் கழற்றச் சொல்லி, என் கையையும் பிடித்து வைத்தார்.

ஐஸ் மாதிரி ஜில்லுன்னு இருந்தது.

பக்கத்தில் ஒரு சாண் தள்ளி, சிலிண்டர் ஹெட் நூறு டிகிரியைத் தாண்டிக் கொதிக்குது. ரேடியேட்டரோ ஃப்ரீசரிலிருந்து எடுத்த மாதிரி. அந்த ஒரு தொடுகையில் எல்லாம் புரிந்துவிட்டது. தாத்தா உடனே இன்ஜினை அணைத்தார்.

ராத்திரிக் குளிரில் ரேடியேட்டருக்குள் இருந்த தண்ணீர்க் கூலன்ட் கூழாக உறைந்து குழாய்களை அடைத்துவிட்டது. ஸ்டார்ட் பண்ணினதும் கூலன்ட் இன்ஜினுக்குள் குறுக்குவழியில் மட்டும் சுற்றுது. சூடு ஏறுது. கதவு திறக்குது. ஆனா, கதவுக்கு அந்தப் பக்கம் சுவர்! சூடு போக வழியில்லை. பொங்கி வெளியே கொட்டுது. கொட்டினதுக்கு ஈடாக இவன் தண்ணி ஊற்றுகிறான். கூலன்ட் இன்னும் நீர்த்துப்போகுது. அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் உறையுது. இன்னும் சீக்கிரம் கொதிக்குது. இன்னும் தண்ணி... வட்டிக்கு வட்டி போட்ட கந்துவட்டிக் கதை! கொட்டகைக்குள் விறகு அடுப்பு எரிந்ததால் கூழ் உருகி, வண்டி அங்கே மட்டும் நல்ல பிள்ளையாக நடித்திருக்கிறது. 'கேஸ்கட் போச்சு' என்று சொன்ன கடையில், நோயாளியைக் குளிரில் நிறுத்திப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

வைத்தியம் சுலபம். உள்ளே கொண்டுவந்து மதியம் வரை உருகவிட்டோம். பழைய கூலன்ட்டைத் தட்டில் பிடித்தார். ஒரு சொட்டு தரையில் விழ விடவில்லை. "இது இனிப்பா இருக்கும். நாய் நக்கினா செத்துடும்" என்றார். அடுப்போரம் அவருடைய கறுப்பு நாய் படுத்திருந்தது. வாலை வடிகட்டின தண்ணீரால் ரெண்டு முறை அலசி, பாதிக்குப் பாதி கலந்தே விற்கிற கூலன்ட்டை ஊற்றினார். 'பாதி போதுமா, முழுசா கூலன்ட்டே ஊத்தினா இன்னும் நல்லதாச்சே?' என்று கேட்கத் தோணுதா? எனக்கும் தோணுச்சு. கலக்காத எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 வாக்கிலேயே உறைய ஆரம்பித்துவிடும். தண்ணியும் அதுவும் சேர்ந்தால்தான் பலம். நல்ல ஜோடி!

கடைசி வேலை, ஏர் லாக் எடுப்பது. பைக்கின் மூக்கை மேலே தூக்கி நிறுத்தி, மூடியைத் திறந்துவைத்து, ஹோஸ்களை பசு மடியைக் கறக்கிற மாதிரி அழுத்தி அழுத்தி விட்டார். தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே காற்றுக் குமிழ் மாட்டிக்கொண்டால் அதற்குச் சூடு சரியாகத் தெரியாது. கதவு நேரத்துக்குத் திறக்காது. இன்ஜின் சூடாகி, ரேடியேட்டரின் அடிப்பக்கம் வரை வெதுவெதுப்பு வந்ததைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் மூடியை மூடினார். மொத்தச் செலவு? எங்க ரெண்டு பேருக்கும் ஒரு ராத்திரி பீட்சா வாங்குற காசு. கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனா, ரெண்டு மணி நேரம் விறகு பிளக்க வெச்சுட்டாரு மனுஷன்!

பௌல்டர் மலையில் ஒரு டெஸ்ட்

ஞாயிறு காலை பௌல்டர் மலை. ஊரிலிருந்து ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும் ஸ்னோமொபைல் மலை இது. நண்பன் பைக்கில், நான் தாத்தாவின் ஸ்னோமொபைலில் பின் சீட்டில். கிளம்பும் இடத்தில் ஒருத்தர் நெஞ்சில் இருக்கிற டிரான்ஸீவர் இன்னொருத்தருக்குக் கேட்குதா என்று சரிபார்த்தோம். பனிச்சரிவில் புதைந்தால் ஆளைக் கண்டுபிடிக்க அந்த 'பீப்' சத்தம்தான் துணை. கூடவே முதுகுப் பையில் ஆளுக்கு ஒரு மண்வெட்டி, ஒரு நீளக் கம்பி. காலையிலேயே அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் படித்திருந்தார் தாத்தா. அதை வெளியிடுகிற 'அவலாஞ்ச் கனடா' அமைப்பின் தலைமையகமே இந்த ஊரில்தான். போகக் கூடாத பக்கங்களும் உண்டு. ரெவல்ஸ்டோக்கைச் சுற்றியுள்ள சில மலைப்பகுதிகளை, அழிந்துவரும் கரிபூ மான்களுக்காக ஸ்னோமொபைல்காரர்களுக்கு மூடி வைத்திருக்கிறார்கள்.

சமன் செய்த பாதையில் காடு வழியாக ஏறினோம். மரங்கள் எல்லாம் வெள்ளைப் பூதங்களாக நிற்கின்றன. பதினைந்து நிமிஷம் ஆச்சு. வழக்கமாகக் கொதிக்கிற இடத்தைத் தாண்டிவிட்டான். முள் 82. திரும்பிப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கினான். உச்சிக்குப் பக்கத்தில் புதுப் பனி. மரமே இல்லாத வெள்ளை மைதானம். எதிரே செல்கர்க் சிகரங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. கீழே கொலம்பியா ஆறு ஒரு கறுப்பு ரிப்பன். சான்ஸே இல்லை! கேமராவை எடுத்தால் பேட்டரி குளிரில் செத்திருந்தது.

நண்பன் பனியை வாரி அடித்துக்கொண்டு விளையாடினான். இருபது நிமிஷத்தில் வந்து நின்றான். முகம் செத்திருந்தது. "மறுபடியும் ஏறுது. 97!"

மூணு பேரும் ஒரு விநாடி பேசவில்லை. மணி ரெண்டரை. இன்னும் ரெண்டு மணி நேரத்தில் இருட்டிவிடும்.

தாத்தா பைக்கைச் சுற்றி வந்தார். இடதுபக்க ரேடியேட்டரைக் காட்டினார். முன்னாலிருந்து வாரியடித்த பனி அதன் முகத்தில் பட்டு, சூட்டில் உருகி, குளிரில் மறுபடி உறைந்து, கண்ணாடி மாதிரி ஒரு ஓடு கட்டியிருந்தது. காற்று உள்ளே போக இடமில்லை. வலதுபக்கத்தைத் தொட்டார். சூடு. இடதுபக்கத்தின் பின்புறத்தைத் தொட்டார். அதுவும் சூடு. "உள்ள ஓட்டம் நல்லா இருக்கு. நேத்து ஜில்லுன்னு இருந்துச்சு, இன்னிக்கு சூடா இருக்கு. இது வேற வியாதி." பிளாஸ்டிக் சுரண்டியால் ஓட்டைப் பெயர்த்தார். பையிலிருந்து ஒரு வலைத் துணியை எடுத்து ரேடியேட்டர் முன்னால் இழுத்துக் கட்டினார். காற்று போகும், பனி உள்ளே ஒட்டாது. மூணு நிமிஷத்தில் முள் 84-க்கு இறங்கியது.

முள் எகிறின மாதிரி ரெண்டு நாளும் ஒண்ணுதான். காரணம்தான் வேற வேற. பிரித்துச் சொன்னது தாத்தாவின் உள்ளங்கை!

தாத்தாவின் கைவைத்தியம்

உங்க வண்டி பனியில் ஓடாட்டியும் பரவாயில்லை. தண்ணீர் கூலிங் இருக்கிற எந்த வண்டிக்கும் இதில் பாதி பொருந்தும். குறிச்சு வெச்சுக்கோங்க.

* இன்ஜின் கொதிக்குது, ரேடியேட்டர் ஜில்லுன்னு இருக்கா? உள்ளே ஓட்டம் இல்லை. உறைந்த கூலன்ட், திறக்காத தெர்மோஸ்டாட், ஏர் லாக், பம்ப்... இந்த நாலில் ஒண்ணு.

* ரெண்டும் சூடா இருக்கா? ஓட்டம் இருக்கு, காற்றுதான் இல்லை. ரேடியேட்டர் முகத்தைப் பாருங்க. பனியோ சேறோ அடைச்சிருக்கும்.

* திறந்த மூடியில் குமிழ் நிற்காமல் வருதா, புகை வெள்ளையா இனிப்பு வாசனையோட வருதா? அப்போதான் கேஸ்கட்டைச் சந்தேகப்படணும். முதல்லயே இல்லை.

* கூலன்ட் எங்கே போச்சுன்னு தெரியாமல் மேலே ஊற்றிக்கொண்டே இருக்காதீங்க. அவசரத்துக்குத் தண்ணி ஊற்றினால், வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அதை மாற்றுவது.

* சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. மலையில் நின்றுபோனால், ரேடியேட்டரின் வெளிப்பக்கம் மட்டும் பனியை அப்பிக் காத்திருங்க. கொதிக்கிற இன்ஜின் மேல பனியை அப்பாதீங்க.

* எல்லாத்துக்கும் மேல, தனியாகப் போகாதீங்க. திரும்பி வருவதற்கு வெளிச்சம் மிச்சம் வைத்துத் திரும்புங்க.

'இன்ஜின் கூலிங் சிஸ்டத்தைப் படத்துடன் விளக்குக' என்று நமக்குக் கேள்வி வரும். நானும் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, பாகம் குறித்து எழுதியிருக்கேன். அந்த அம்புக்குறிகளில் ஒண்ணு நின்னுபோனா ஒரு பையன் இருட்டில் இடுப்பளவு பனியில் நடக்கணும் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை.

நண்பன் இப்போது அந்த விளம்பரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டான். டிரக்கில் எப்போதும் ஒரு கேன் கூலன்ட் வைத்திருக்கிறான். அதன் மேல் கறுப்பு மார்க்கரில் எழுதியிருக்கிறது: 'தண்ணி இல்லை!'